பேராசிரியர் மஹலனோபிஸ்: எண்ணிக்கையின் நேர்மைக்கு உழைத்த பெரியார்

பேரணாம்பட்டில் தோல் வாங்கச் செல்லும் வணிகர் ஒருவர், கட்டின்மேற் கிடக்கும் இரண்டொரு தோலைத் தடவிப் பார்த்த அளவிலே விலை பேசிவிடுவதில்லை. நடுவிலிருந்து ஒன்றையும் அடியிலிருந்து ஒன்றையும் உருவிப் பார்ப்பர். கீறலும் துளையும் உண்டோ என வெளிச்சத்திற் பிடித்து நோக்குவர். அதன்பின்னரே வாய் திறப்பர். மேலே இருப்பன விற்பவர் நம் கண்ணுக்கென்றே வைத்தனவாகலாம் என்பதை அவர் அறிவர். கட்டு முழுவதையும் அவிழ்த்து ஒவ்வொன்றாய்ப் பார்க்க நேரமில்லை. பாராது வாங்கத் துணிவுமில்லை. ஆதலின் சிலவற்றைப் பார்த்துப் பலவற்றை அறிய வேண்டியதாகின்றது. அச்சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் முறையிலேதான் இலாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன.

புள்ளியியல் கற்கத் தொடங்கும் நம் கலாசாலை மாணவர் சராசரி காண்பதிலும், திட்ட விலக்கம் காண்பதிலும், ஒட்டுறவுக் கெழு காண்பதிலும் விரைவில் தேர்ச்சி பெறுகின்றனர். ஆயினும், சூத்திரத்தால் விடை காண முடியாத வினா ஒன்று வந்துவிட்டால் மயங்குகின்றனர். அத்தகைய வினாக்கள் மூன்று வகைப்படும். இவ்வெண்கள் யாரால், எவ்வாறு திரட்டப்பட்டன என்பது ஒன்று. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுவதனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடுமோ என்பது இரண்டாவது. உண்மையை அறிய ஆய்வை எவ்வாறு வகுத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றிற்கும் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த பேரறிஞர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அவர்களின் வரலாற்றை இங்கே சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அவர் 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரபோத சந்திரர். தாயார் நீரோதவாசினி அம்மையார். பிரம்ம சமாஜத்தோடு நெருங்கிய தொடர்புடைய குடும்பம் அது. கல்கத்தாப் பிரசிடென்சிக் கலாசாலையில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் முதலிய ஆசிரியர்களைக் காணும் பேறு பெற்று, 1912இல் பௌதிகத்திற் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனிற் பயிலும் எண்ணத்தோடு சென்றவர், ஒரு நாள் கேம்பிரிட்ஜைக் காணப்போய், திரும்பும் ரயிலைத் தவறவிட்டு நண்பர் வீட்டில் இரவு தங்கினார். அவ்வூரின் அழகும் கிங்ஸ் கலாசாலைக் கோயிலின் மாட்சியும் அவர் மனத்தைக் கவரவே, அங்கேயே சேர்ந்துவிட்டார். ஒரு ரயில் தவறியது நம் நாட்டிற்கு நன்மையாய் முடிந்தது.

அங்கே அவருக்கு நம் தமிழ்நாட்டுக் கணித மேதை இராமாநுஜருடைய நட்புக் கிடைத்தது. குளிரால் நடுங்கி, மேலங்கியும் சால்வையுமாய்ப் படுத்திருந்த இராமாநுஜருக்கு, கட்டிலில் இறுக விரித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கும் வழக்கத்தை எடுத்துக் காட்டியவர் இவரே. மற்றொரு நாள் ஒரு மாதப் பத்திரிகையில் வந்த புதிர்க் கணக்கொன்றை இவர் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெருவின் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல் 500க்குள் எனின், அவ்வீட்டின் எண் யாது? வீடுகள் 288, அவ்வீடு 204 என இவர் முயன்று பார்த்து விடை கண்டிருந்தார். அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமாநுஜரோ, இவ்வகைக் கணக்குகள் அனைத்திற்கும் விடை தரும் தொடர் பின்னம் ஒன்றை அந்த நொடியிலேயே சொல்லிவிட்டார். எண்களின் உள்ளியல்பைக் காணும் கண் இராமாநுஜருக்கு வாய்த்திருந்தது. உலகில் சிதறிக் கிடக்கும் எண்களை நம்பலாமோ கூடாதோ என்று ஆராயும் கண் பின்னாளில் மஹலனோபிஸுக்கு வாய்த்தது.

அக்கண் திறந்த விதமும் எதிர்பாராததே. 1915இல் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சையிற் சிறப்பாகத் தேறியபின், அங்கேயே பௌதிக ஆராய்ச்சி செய்ய ஏற்பாடாகியிருந்தது. அதற்குமுன் சில வாரம் தாயகம் வந்துபோக விரும்பினார். யுத்தம் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதித்தது. அவ்விடைவேளையில் அவருடைய ஆசிரியர் மெக்காலே என்பார், புத்தகசாலையிலிருந்த பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழ்த் தொகுதிகளைக் காட்டினார். அவற்றை முழுமையாக விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, வழிநெடுகப் படித்தே கல்கத்தா வந்து சேர்ந்தார். பிரசிடென்சிக் கலாசாலையிற் பௌதிகம் கற்பிக்கும் பணி கிடைத்தது. இங்கிலாந்திற்கு ஆராய்ச்சி மாணவராகத் திரும்பவேயில்லை.

முதற்பாடம் மனித உடலளவுகளிலே தொடங்கிற்று. 1920இல் நாகபுரியிற் கூடிய விஞ்ஞான மகாசபையில், விலங்கியல் அறிஞர் அன்னண்டேல் என்பாரைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களைப் பற்றி அவர் திரட்டியிருந்த அளவுகளை ஆராயும் பொறுப்பு இவருக்கு வந்தது. அவ்வாராய்ச்சி 1922இல் வெளியாயிற்று. பிற்பாடு, ரிஸ்லி என்னும் அதிகாரி வங்கத்துக் குலங்களைப் பற்றி வெளியிட்டிருந்த அளவுகளையும் எடுத்து, அவற்றிலிருந்த பிழைகளைத் திருத்தும் பணியில் ஈடுபட்டார். அச்சேறிய எண் என்பதனாலேயே அதனை அவர் நம்பிவிடவில்லை. கணக்குப் போடுமுன் எண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்டின் நீளத்தை அங்குலத்திற் குறித்த ஒருவரும் சென்டிமீட்டரிற் குறித்த ஒருவரும் ஒரே பட்டியலில் எழுதியிருப்பின், அதன் சராசரியை எத்துணை நுட்பமாகக் கண்டாலும் பயன் யாது?

இவ்வாராய்ச்சிகளின் விளைவாகவே, 1936இல், இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கும் தூர அளவை முறை முழு வடிவிற் பிறந்தது. அதன் கருத்தை நம் ஊர்த் தொழிலைக் கொண்டே விளக்கலாம். இரண்டு ஊர்களிலிருந்து வந்த ஆட்டுத் தோல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காணவேண்டும். நீளம், அகலம், எடை மூன்றையும் அளந்து, வேறுபாடுகளைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் நீளமான தோல் பெரும்பாலும் அகலமாகவும் இருக்கும், எடையும் மிகுந்திருக்கும். மூன்றும் ஒட்டுறவுடையன. ஆகவே தனித்தனியே கூட்டுவது, ஒரே சாட்சியை மும்முறை கூண்டிலேற்றி மூன்று சாட்சிகள் என்று எண்ணுவதை ஒக்கும். ஒட்டுறவின் அளவைக் கணக்கிற் கொண்டு, ஒரே செய்தியை மீண்டும் மீண்டும் எண்ணாதபடி வேறுபாட்டை அளப்பதே மஹலனோபிஸ் கண்ட வழி.

இரண்டாம் பாடம் வெள்ளத்தில் அமைந்தது. 1922இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் தோன்றிப் பெருஞ்சேதம் விளைத்தது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெரும் பொருட்செலவில் தேக்கங்கள் கட்டவேண்டும் என்ற யோசனை எழுந்தது. அவ்வாண்டு முதல் கல்கத்தா வானிலை ஆராய்ச்சிப் பொறுப்பையும் வகித்துவந்த மஹலனோபிஸிடம் இவ்விஷயம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். தேக்கங்களாற் பயனில்லை, நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்தலே வேண்டுவது என்று காட்டினார். 1926இல் ஒரிஸ்ஸாவில் பிராமணி நதி பெருகியபோது, ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டமையே காரணம், ஆதலால் கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியியல் வல்லுநர் கருதினர். இவர் அறுபதாண்டுக் கணக்குகளைச் சோதித்து, அடித்தளம் உயர்ந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டார்; மேற்புறத்தே அணைகள் கட்டி நீரைத் தடுப்பதே வழி என உரைத்தார். மகாநதியின் ஹிராகுட் அணை போன்ற பிற்காலத் திட்டங்களுக்கு இவ்வாராய்ச்சி முன்னோடியாயிற்று.

மாணவர் இதிற் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. கண்ணெதிரே இரண்டு நிகழ்ச்சிகள் ஒருங்கே தோன்றும்போது ஒன்றை மற்றொன்றிற்குக் காரணமாக்கிவிடும் ஆசை, கல்லாதார்க்கு மட்டுமன்று, வல்லுநர்க்கும் உண்டு. மாம்பழம் மலியும் மாதங்களிற் கிணறுகளும் வற்றுகின்றன. மாம்பழமா கிணற்றை வற்றச் செய்தது? கோடை இரண்டிற்கும் பொதுவான காரணம். இவ்வாறு மறைந்து நிற்கும் மூன்றாவது ஒன்று உண்டோ என்று தேடாதவரையில், ஒட்டுறவுக் கெழு எத்துணைப் பெரிதாயினும் அது காரணத்தை நிறுவாது. வெள்ள ஆராய்ச்சியில் இப்பிழை நேர்ந்திருப்பின், ஏழை நாட்டின் பெருந்தொகை வீணாகியிருக்கும். வெள்ளமோ மறுபடியும் வந்திருக்கும்.

1931ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் நடந்த கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வித்திடப்பட்டது. 1932 ஏப்ரலில் அது பதிவு பெற்றது. கலாசாலையின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையே அதன் இருப்பிடம். முதலாண்டுச் செலவு 238 ரூபாய்தான். அடுத்த ஆண்டே சாங்க்யா என்னும் ஆராய்ச்சி இதழும் தோன்றிற்று. எண் என்பதும் ஆழ்ந்த அறிவு என்பதும் அவ்வடமொழிச் சொல்லில் ஒருங்கே அடங்கும். புள்ளியியல் ஒரு தனிச் சாஸ்திரம் என்று நம் நாட்டில் பலரும் ஒப்பாத காலம் அது. அவ்வறையிலிருந்து வளர்ந்த நிறுவனத்திற்கு இன்று சென்னையிலும் ஒரு கிளை உண்டு.

மூன்றாம் பாடமே அவருடைய பெரும்புகழுக்குக் காரணம். வங்கத்தின் சணல் விளைச்சல் எவ்வளவு என்பது குடியானவர்க்கும் வணிகர்க்கும் அரசாங்கத்திற்கும் தெரிய வேண்டியிருந்தது. அதனைப் பொறுத்தே விலை ஏறும், இறங்கும். ஒவ்வொரு வயலாகச் சென்று எண்ணினாலன்றி உண்மை தெரியாது என்பது அந்நாளில் எல்லாரும் கொண்டிருந்த கருத்து. மஹலனோபிஸோ, சில வயல்களைச் சமவாய்ப்பு முறையில், அதாவது திருவுளச் சீட்டுப் போல எவர் விருப்பத்திற்கும் இடமின்றி, தெரிந்தெடுத்து ஆராய்ந்தாற் போதும் என்றார். 1937இல் சிறிய அளவிற் சோதனை தொடங்கினார். எத்தனை வயல் பார்த்தால் எவ்வளவு செலவாகும், பிழை எவ்வளவு குறையும் என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு, படிப்படியே விரித்து, 1941இல் மாகாணம் முழுவதற்கும் அம்முறையைப் பரப்பினார்.

இரண்டு முறைகளையும் ஒப்பிடும் வாய்ப்பும் பின்னர் வந்தது. ஒரே பருவத்தின் விளைச்சலைக் கூறெடுப்பு முறை சுமார் 75 இலட்சம் சிப்பம் என மதிப்பிட்டது. வயல்தோறும் சென்ற முழுக் கணக்கு சுமார் 63 இலட்சம் என்றது. வணிகத்தின் வழியே பின்னர்த் தெரியவந்த தொகை 75 இலட்சத்திற்குச் சற்று மேல். முழுக் கணக்கு ஆறிலொரு பங்கைத் தவறவிட்டிருந்தது. கூறெடுப்போ ஏறக்குறைய நேராக நின்றது. கூறெடுப்பிற்கான செலவும் முழுக் கணக்கின் செலவிற் பத்திலொரு பங்கே. முழுமையாக எண்ணியது தவறி, சிலவற்றை எண்ணியது பொருந்தியது எவ்வாறு? ஆயிரக்கணக்கான பேரை அவசரத்திற் சேர்த்துப் பயிற்சியின்றி அனுப்பினால், சிலர் வயலைப் பார்ப்பர், சிலர் மரத்தடியில் அமர்ந்தே எண்ணை எழுதிவிடுவர். சிலரை நன்கு பயிற்றி அனுப்பினால் அவர்களை மேற்பார்வை செய்யவும் இயலும். எண்ணின் பெருமை அதன் மிகுதியிலன்று, அது பிறந்த ஒழுங்கிலேயே உள்ளது.

மேற்பார்வையையும் அவர் மனிதரின் நாணயத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. ஒரே பகுதியில், இரண்டு வேறு கூறுகளை, ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத இரண்டு குழுவினரிடம் ஒப்படைத்தார். இருவர் விடையும் நெருங்கினால் நம்பலாம். விலகினால் எங்கோ கோளாறு உண்டு. பிழை எவ்வளவென்று தன்னையே அளந்து சொல்லும் ஆய்வு இது.

அவர் முறைகள் யாவும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன என்று கூறமாட்டோம். விளைச்சலை அறிய வயலில் மிகச் சிறிய வட்டங்களை அறுத்து நிறுத்தால், ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்துவிடுவதால் மதிப்பீடு மிகைப்படும் என்று, மற்றொரு பெரும் புள்ளியியலாரான சுகாத்மே 1946இல் எடுத்துக் காட்டினார். இருவர்க்கும் இடையே கடும் விவாதம் நிகழ்ந்தது. அளவை வகுத்தோரும் அளவைக்கு உட்பட்டவரே என்பதை இவ்விவாதம் நமக்கு உணர்த்துகின்றது.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அதன்பின், எஞ்சிய கிராமங்களின் நிலையை அறிய மஹலனோபிஸும் அவர் துணைவரும் கூறெடுப்பு ஆய்வு நடத்தி, 1946இல் வெளியிட்டனர். விவசாயக் கூலிகள், மீன்பிடிப்போர் முதலிய நிலமற்ற எளியோரே மிகுதியும் நொறுங்கினர் என்பது அதனால் தெளிவாயிற்று. பஞ்சம் எல்லாரையும் ஒருபடித்தாய்த் தாக்கிற்று என்னும் பொதுப்பேச்சிற்கு அங்கே இடமில்லாது போயிற்று. ஆயினும் மாணவர் இங்கே ஒரு நொடி நிற்றல் தகும். கேள்விகளுக்கு விடை கூறியோர் உயிர் பிழைத்தோரே. அடியோடு அழிந்த குடும்பத்தின் வாசலில் விடை கூற ஒருவருமில்லை. எந்தத் தரவிலும், பேச வராதவர் யார் என்று கேட்பது கணிதம் மட்டுமன்று, அறமும் ஆகும்.

1945இல் லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1950இல் இவர் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கி, முதற் சுற்றிலேயே 1,800க்கும் மேற்பட்ட கிராமங்களின் குடிவாழ்க்கையைக் கணக்கெடுத்தது. 1956இல் ஆரம்பமான இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் இவர் வகுத்த மாதிரியைத் தழுவியது. அதனைப் புகழ்ந்தோரும் உண்டு, பழித்தோரும் உண்டு. 1968இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1923இல் மணந்த ராணி என்னும் நிர்மல்குமாரி அம்மையார் வாழ்நாள் முழுதும் உடனிருந்தார். எழுபத்தொன்பது வயது நிறையும் நாளுக்கு முந்தின நாள், 1972 ஜூன் 28இல், அவர் உயிர் நீத்தார். 2007 முதல் அவர் பிறந்த நாளைப் புள்ளியியல் தினமாக நாடு கொண்டாடி வருகின்றது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பிலே, தோற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்ற ஆய்வு முடிவு எடுத்தாளப்பட்டுள்ளது. ஒரு புறம் நிலமும் குடிநீரும் இழந்த குடியானவர். மறுபுறம் தோலை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள். இருவர் வாழ்வும் எண்களைச் சார்ந்து நிற்கும்போது, எண்ணைத் திரட்டும் முறை புத்தகக் கணக்காய் நின்றுவிடாது.

பேரணாம்பட்டைச் சுற்றிய கிணறுகளின் உப்புத்தன்மையை ஆராயும்படி நம் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முறையிட வந்தவர் கிணறுகளை மட்டும் பார்ப்பது பிழை. தோற்சாலையார் காட்டும் கிணறுகளை மட்டும் பார்ப்பதும் பிழை. இரண்டும் கட்டின் மேற்கிடக்கும் தோல்களே. எல்லாக் கிணறுகளுக்கும் எண்ணிட்டு, சீட்டெடுத்துத் தெரிந்துகொள்க. தோற்சாலைக்கு அருகிலுள்ளவற்றில் உப்பு மிகுந்திருப்பின் உடனே முடிவு கூறற்க. அவை ஊர்ச் சாக்கடைக்கும் அருகில் இருக்கலாம், ஆழத்திலும் வேறுபடலாம். ஆதலின் தோற்சாலை இல்லாத, மற்றவற்றில் ஒத்த வேறோர் ஊரின் கிணறுகளோடு, ஒரே பருவத்தில் ஒப்பிடுக. நீர்க் குப்பிகளில் ஊர்ப்பெயர் எழுதாது குறியெண் மட்டும் இடுக. சோதிப்பவர் எது எவ்வூர் நீர் என்று அறியாதிருத்தல் வேண்டும். இரண்டு குழுவினர் தனித்தனியே எடுத்துப் பார்க்க.

கிணறுகளைத் தோற்சாலைக்கு அருகில் இது, தொலைவில் அது என்று சீட்டுப் போட்டு வைக்க நம்மால் இயலாது. ஆகவே அங்கே கண்டறிதலே உண்டு, சோதனை இல்லை. தோற்சாலைக்குள்ளேயோ சோதனையும் இயலும். பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் உப்பே கழிவுநீரில் மிகுதியும் கரைந்து செல்கின்றது. உப்பைக் குறைத்துப் பதப்படுத்தினால் தோல் கெடுமோ என்று அறிய, ஒவ்வொரு தோலையும் முதுகுவழியே இரண்டாய்ப் பிளந்து, எப்பாதிக்கு எம்முறை என்பதைச் சீட்டினால் முடிவு செய்து, இரண்டையும் ஒப்பிடலாம். ஒரே ஆட்டின் இரு பாதிகளாதலின், வயதும் இனமும் வேறுபடுமே என்ற தடைக்கு இடமில்லை.

இத்துணையும் செய்து கிடைக்கும் விடை நமக்கு உவப்பாயிருக்கலாம், கசப்பாயும் இருக்கலாம். உறவினர் தோற்சாலையில் உழைக்கும் மாணவனும், பாட்டனாரின் நிலம் உப்புப் பூத்துக் கிடக்கும் மாணவனும் நம் வகுப்பில் ஒரே வாங்கில் அமரக்கூடும். இருவரும் ஒப்பி ஏற்கத்தக்க எண் ஒன்றைத் திரட்டித் தருவதே இக்கல்வியின் பயன். மஹலனோபிஸ் வெள்ளத்திலும் சணல் வயலிலும் பஞ்சக் கிராமத்திலும் செய்தது அதுவே. அடுத்த முறை வினாத்தாளில் ஒரு பட்டியலைக் காணும் நம் மாணவர், பேனாவை எடுத்துக் கூட்டத் தொடங்குமுன், நடுவிலிருந்து ஒரு தோலை உருவிப் பார்க்கும் வணிகரைப்போல், இவ்வெண் எவ்வாறு வந்தது என்று ஒரு முறை கேட்பாராயின், இச்சரித்திரத்தை எழுதிய நம் முயற்சி பயனுற்றதாகும்.